அப்பாவின் பழைய பென்ஸ்: நகையை வைத்துப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 47. ஐந்து மாதத்துக்கு முன் அப்பா காலமானார். எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஊரைவிட்டுப் போன மேனேஜரிடம் வாங்கிய 1984 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 300டி காரை, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது, முப்பது வருடம் உயிராகப் பார்த்துக்கொண்டார். ஆர்.சி. வரும் மார்ச்சில் முடிகிறது. போன மாதம் கோவைக்கு ஓட்டிப்போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது, அடியில் துரு, பெயின்ட். எல்லாம் சேர்த்து 7 லட்சம் என்றார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் இருக்கிற நிலையிலேயே 4.5 லட்சத்துக்குக் கேட்கிறார். அம்மாவுக்கு விற்க மனசில்லை. திருப்பூரில் இருக்கும் அக்கா விற்றுவிடச் சொல்கிறார். கைக்கு வரும் சம்பளம் 72,000. வீட்டுச் செலவு 45,000. மகளின் கல்லூரி, ஹாஸ்டலுக்கு மாதம் 14,000. எஃப்.டி. 5 லட்சம், இரண்டு ஏக்கர் தேயிலை. மனைவியின் நகையை அடகு வைத்துப் புதுப்பிக்கலாமா? பழைய பென்ஸ் விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார்களே?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். இன்ஷூரன்ஸ் இன்னும் அப்பா பெயரில் இருந்தால், அவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். அதற்குள் பாலிசிக் காலம் முடிந்தால் அன்றோடு சரி. அதாவது போன மாதம் நீங்கள் கோவைக்கு ஓட்டிப்போனது இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒருவர் மீது மோதியிருந்தால், நஷ்டஈடு முழுவதும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போயிருக்கும். ஆர்.சி.க்கும் இதே மூன்று மாதம்தான். உரிமையாளர் இறந்ததை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும். தாமதமாகிவிட்டது, பரவாயில்லை, இப்போதே தொடங்குங்கள்.

அடுத்தது அக்கா. உங்கள் கடிதத்தில் அவர் ஒரே வரியில் வந்து போகிறார். அப்பா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவரும் சம பங்குக்காரர்கள். பெங்களூர்க்காரர் சொன்ன விலையை வைத்துப் பார்த்தால் ஆளுக்கு 1.5 லட்சம். விற்கச் சொல்வது அக்காவின் உரிமை, அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4.5 லட்சத்துக்குக் கேட்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காரை நீங்கள் வைத்துக்கொள்வதானால், அவர் பங்கைக் கொடுங்கள், அல்லது வேண்டாம் என்று அவர் மனதார எழுதிக் கொடுக்கட்டும். வாரிசுச் சான்றிதழோடு அவருடைய சம்மதக் கடிதமும் இருந்தால்தான் பெயர் மாற்றம் சிக்கலில்லாமல் நடக்கும்.

இனி கார்.

பெங்களூர் விலையையும் 7 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்கிறீர்கள். இந்த கார் வருடத்துக்கு எவ்வளவு கேட்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இறக்குமதியான கார், 20 வருடமும் தாண்டியது. 2025 ஆகஸ்டில் மாற்றிய கட்டணப்படி இத்தகைய காரின் பதிவைப் புதுப்பிக்க 80,000 ரூபாய். அது ஐந்து வருடத்துக்குத்தான், ஆகவே வருடத்துக்கு 16,000. மார்ச்சைத் தவறவிட்டால் மாதம் 500 அபராதம். 3 லிட்டர் இன்ஜின் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு, 2022இல் நிர்ணயித்தபடி, 7,897. ஜிஎஸ்டி சேர்த்தால் 9,300 சொச்சம். ஆயில், ஃபில்டர், பிரேக், டயர், பேட்டரி, ரப்பர் சாமான்கள், அவ்வப்போது வெல்டிங் வேலை எல்லாவற்றுக்கும் வருடம் 45,000 ஒதுக்கச் சொல்வேன். இது என் மதிப்பீடு. ஒரு வருடம் குறையும், மறு வருடம் இழுத்துவிடும். மொத்தம் 70,000 சொச்சம். டீசல் தனி.

நகைக் கடனுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 7 லட்சத்துக்கு வட்டி மட்டும் வருடம் 70,000. அசல் அப்படியே நிற்கும். இரண்டையும் கூட்டினால் மாதம் 11,700. உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 13,000. மகளுக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் கூடினாலோ, அம்மாவுக்கு ஒரு வைத்தியச் செலவு வந்தாலோ நகையை மீட்க முடியாது. இலைக் காசு இருக்கிறதே என்பீர்கள். பச்சைத் தேயிலை விலை எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகைக் கடன் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விலை ஏறும் என்பதையும் நம்பி இறங்காதீர்கள். சில அபூர்வ மாடல்களுக்கு அது நடக்கும். உங்கள் கார் வரிசையில், 1976 முதல் 1985 வரை, உலகம் முழுக்க சுமார் 27 லட்சம் வண்டிகள் வந்தன. 7 லட்சம் செலவழித்தால் விலை 7 லட்சம் கூடிவிடாது. அதோடு, அந்த 4.5 லட்சம் 7 சதவீத எஃப்.டி.யில் இருந்தால் வருடம் 31,500 தரும். அதையும் சேர்த்தால் இந்த கார் உங்களுக்கு வருடம் ஒரு லட்சம் பிடிக்கிற பொருள். ஒரு நல்ல விஷயம்: சொந்த உபயோகத்துக்கான கார் என்பதால் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது.

அப்படியானால் விற்றுவிடலாமா? அம்மாவுக்காகவும் உங்களுக்காகவும், வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒர்க்‌ஷாப் சொன்ன 7 லட்சத்தைப் பிரித்து எழுதி வாங்குங்கள். இன்ஜின் நிற்காததைக் காட்டி டீசல் பம்ப்பையே கழற்ற வேண்டும் என்று சொல்லக்கூடும். இந்த டீசல் பென்ஸில் இன்ஜினை நிறுத்துவதும் கதவைப் பூட்டுவதும் வேக்யூம், அதாவது குழாய் வழியே காற்றை உறிஞ்சும் இழுப்பு, செய்யும் வேலை. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலே சாவிக்கு அடங்காது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள், சின்னச் செலவு. பெயின்ட் காத்திருக்கட்டும். துருவும் பிரேக்கும் காத்திருக்காது. ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, ஸ்டெப்னிக் குழி, வீல் வளைவுகள், இந்த நான்கிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஈரம் ஏறிய ஆயில் கோத்தகிரி இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரை வரை போகும்.

பணம் எங்கே? வீடும் மகளும் சேர்ந்து மாதம் 59,000. ஆறு மாதத்துக்கு 3,54,000. அதைத் தொடாதீர்கள். எஃப்.டி.யில் மீதி 1,46,000. அதில் 80,000 ஆர்.சி.க்கு. மிச்சம் 66,000க்குள் பிரேக், வேக்யூம், டயர், அடித்துரு. அக்கா தன் பங்கைக் கேட்டால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது விற்பதுதான் சரி, அம்மாவிடமும் அதை அப்படியே சொல்லுங்கள். பெயின்ட்டுக்கு, இலைக்கு நல்ல விலை வரும் மாதங்களில் தனியாகச் சேருங்கள். மூன்று வருடம் ஆகட்டுமே.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு இன்ஜினை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, இன்ஜினும் பாடியும் பெரிதாக மாற்றாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும், அப்புறம் 5,000. உங்களுக்கு அது 2034 வாக்கில் வரும். ஆனால் அதன்பின் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம்; தினசரி பள்ளிக்குப் போக முடியாது.

முழுக் காப்பீடு எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கு கிளெய்மில் பாதித்தொகைதான் கிடைக்கும், ரப்பர், பிளாஸ்டிக்குக்கும் பாதிதான். காரின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, மதிப்பீட்டுச் சான்றும் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. குன்னூரில் எங்கள் பெரியப்பா ஒரு அம்பாசடரை தார்ப்பாய் போர்த்தி இரண்டு மழைக்காலம் நிறுத்தி வைத்தார். திறந்தபோது டிரைவர் பக்கத் தரையில் கால் இறங்கியது. பிளாஸ்டிக் தார்ப்பாய் மூடுபனியின் ஈரத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். எலி ஒயரைக் கடிக்கும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்கிலும் ஓடாமல் நிற்கிற கார்தான் ஓடுகிற காரைவிட அதிகம் தின்கிறது. காற்றாடும் ஷெட்டில் நிறுத்தி, வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது என்றால், அதுவே விற்கப் போதுமான காரணம்.

பெங்களூர்க்காரரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அதற்குள் அக்காவிடம் பேசி முடியுங்கள், வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுங்கள், இறப்புச் சான்றைக் காட்டி இன்ஷூரன்ஸை மாற்றுங்கள். பெயர் மாற்றம் விசாரிக்க ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும்போது அந்த காரை எடுக்காதீர்கள். பஸ்ஸில் போய் வாருங்கள்.