மின்சாரக் காரும் பணயத்தில் இருக்கும் பதினைந்து பவுனும்

கேள்வி: கருங்கல் பக்கம் வீடு. நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது 74,000 ரூபாய். எண்பது சென்ட் ரப்பர் உண்டு, வெட்டுக்கூலியும் செலவும் போக வருடம் 40,000 நிற்கும். 2022 ஆகஸ்டில் நெக்ஸான் இவி எடுத்தேன். 13 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, ஏழு வருடம், தவணை 20,590. இதுவரை 44 தவணை கட்டியாயிற்று, பாக்கி 7.15 லட்சம். முன்பணத்துக்காக மனைவியின் 15 பவுனை வங்கியில் பணயம் வைத்து 3.4 லட்சம் எடுத்தேன், 9.5 சதவீதம். வருடா வருடம் திருப்பி வைக்கிறேன். இப்போது அது 6.2 லட்சத்தில் நிற்கிறது. வண்டி 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு சார்ஜுக்கு 220 கி.மீ. கிடைத்தது, சென்ற வருடம் டயர் மாற்றியதற்குப் பிறகு 200தான். வாரன்டி முடிந்து பேட்டரி போனால் பல லட்சம் ஆகும் என்கிறார்கள். மச்சினன் கார் ஷோரூமில் வேலை பார்க்கிறான். "இப்பவே மாத்துங்க அத்தான், பழசுக்கு 7 லட்சம் வாங்கித் தாறேன், 20 லட்சத்துல பெரிய பேட்டரி வண்டி எடுக்கலாம், தங்கம் ஏறிக் கிடக்கு, அதே நகையில இன்னும் 3 லட்சம் எடுக்கலாம்" என்கிறான். மாற்றலாமா? பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் எப்படி? ராத்திரி தூக்கமில்லை.

பதில்: மாற்ற வேண்டாம். பேட்டரியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த பணயச் சீட்டு நகல்களை வருட வரிசையில் வைத்துப் பார்த்தேன். 2022இல் 3.4 லட்சம். 2023இல் 4 லட்சம். 2024இல் 5.6 லட்சம். 2025இல் 6.2 லட்சம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் தங்கத்தின் விலை ஏறியிருக்கிறது, அதே நகைக்கு வங்கி கூடுதலாகத் தந்திருக்கிறது. அந்தக் கூடுதலை வாங்கி, அதிலிருந்தே போன வருட வட்டியைக் கட்டியிருக்கிறீர்கள். முதல் வருடம் 32,000, அடுத்தது 38,000, பிறகு 53,000: ஆக 1.23 லட்சம் வட்டி, ஒரு ரூபாய்கூட உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை. எல்லாம் அசலில் ஏறிவிட்டது. 2024இல் மச்சினன் கேட்டார் என்று 1.2 லட்சம். மீதி கார் இன்ஷூரன்ஸும் சில்லறைச் செலவும். மூன்றே முறை திருப்பி வைத்ததில் கடன் 2.8 லட்சம் கூடியிருக்கிறது. நகைக் கடனில் வட்டிக்கு வட்டி கிடையாது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். இப்படித் திருப்பி வைத்தால் வருடத்துக்கு ஒருமுறை வட்டி அசலாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பக்கம் கார் என்ன மிச்சம் பிடித்தது என்று பாருங்கள். மாதம் 1,300 கி.மீ. ஓடுகிறீர்கள். சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் இரண்டு மாதத்துக்கு 370 யூனிட். வீட்டுச் செலவு 350 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 720. மின்வாரிய பில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும். அதனால் வண்டிக்கு ஏறும் கரண்ட் உங்களுக்கு யூனிட் எட்டரை ரூபாய் அளவில் விழுகிறது. கி.மீ.க்கு 1.20. பெட்ரோல் லிட்டர் 102, மைலேஜ் 15 என்று கணக்கிட்டால் கி.மீ.க்கு 6.80. திருவனந்தபுரம் போகும்போதும் திருநெல்வேலி போகும்போதும் வழியில் ஃபாஸ்ட் சார்ஜ் போடும் செலவைக் கழித்தாலும் கி.மீ.க்கு 5.30 மிச்சம். 58,000 கி.மீ.க்கு மூன்று லட்சம் சொச்சம்.

அந்த மூன்று லட்சம் எங்கே? எந்தக் கணக்கிலும் இல்லை. மாதம் 6,900 ரூபாய் பெட்ரோல் பங்கில் கொடுக்காமல் மிச்சம் பிடித்தீர்கள், அது வீட்டுச் செலவில் கரைந்தது. ஏறக்குறைய அதே அளவு பணம் நகையின் மேல் கடனாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. மின்சாரக் கார் மிச்சம் பிடிக்கும் என்பது உண்மை. அந்த மிச்சம் தானாக ஒரு இடத்தில் போய்ச் சேராது.

இப்போது மச்சினனின் யோசனை. பழைய வண்டிக்கு 7 லட்சம், கடன் பாக்கி 7.15 லட்சம். வண்டியைக் கொடுத்த பிறகும் 15,000 கையிலிருந்து கட்ட வேண்டும். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் இருந்தால் அது தனி. புது வண்டிக்கு 17 லட்சம் கடன், 9 சதவீதம், ஏழு வருடம்: தவணை சுமார் 27,350. நகைக் கடன் 9.2 லட்சமாகும், அதற்கு வட்டி மட்டும் மாதம் 7,280. ஆக 34,600. இன்று நீங்கள் சுமப்பது தவணையும் நகை வட்டியும் சேர்த்து 25,500. மாதம் 9,100 கூடுதல், அதுவும் இன்னும் 40 மாதத்தில் முடிய வேண்டிய கடனை 84 மாதத்துக்கு நீட்டி. இதில் அவருக்கு விற்பனை ஊக்கத்தொகை கிடைக்கும். அதில் தப்பில்லை, அவர் தொழில் அது. ஆனால் பொருளை விற்கிறவரிடமே 'வாங்கலாமா' என்று கேட்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் கடன் 2022இல் அனுமதிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட மின்சார வாகனக் கடனுக்குத்தான் வருமான வரிச் சட்டத்தில் 80ஈஈபி என்று அறியப்பட்ட பிரிவின்படி வட்டியில் வருடம் 1.5 லட்சம் வரை வருமானத்தில் கழிக்க முடியும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. அடுத்த 12 மாதத்தில் நீங்கள் கட்டப்போகும் வட்டி சுமார் 53,000. புதுக் கடனுக்கு இந்தச் சலுகை இல்லை.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வண்டி விலையில் பேட்டரியைக் கழித்து 'குறைந்த விலை' என்று காட்டுவார்கள். கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் வாடகை என்றால் கரண்டையும் சேர்த்து 4.70. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் இத்தனை கி.மீ.க்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். 'வாழ்நாள் வாரன்டி' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா, 'வாழ்நாள்' என்பதற்கு எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறது, இரண்டையும் படித்துவிட்டுப் பேசலாம்.

பேட்டரிக்கு வருவோம். 220 இருந்தது 200 ஆனால் ஒன்பது சதவீதம் குறைவு. நான்காவது வருடத்தில், 58,000 கி.மீ.யில், இது பயப்படும்படி இல்லை. அதிலும் எல்லாமே பேட்டரியின் தேய்மானம் என்று சொல்ல முடியாது. டயர் மாற்றிய பிறகு குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வண்டியோடு வரும் டயர் உருளும்போது இழுவை குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தது. கடையில் மலிவாகக் கிடைத்ததைப் போட்டால் ரேஞ்ச் கொஞ்சம் அடிபடும். காற்றழுத்தம், அலைன்மென்ட் இரண்டையும் முதலில் பாருங்கள்.

அடுத்தது சார்ஜ் போடும் முறை. உங்கள் வண்டியின் 30.2 கிலோவாட்-மணி பேட்டரி இரும்பு-பாஸ்பேட் வகை. தினமும் 40லிருந்து 80 வரை ஏற்றிக்கொண்டே இருந்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணிப்பே தவறிப்போகும். செல்களுக்கிடையே ஏற்றத்தாழ்வும் சேரும். மாதம் ஒருமுறை 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிட்டு, வீட்டுச் சார்ஜரில் இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றுங்கள். நிறைந்த பிறகும் சற்று நேரம் பிளக்கை விட்டுவையுங்கள். பிறகு வழக்கம்போல் ஓட்டி 20 சதவீதத்துக்கு வரும்போது எத்தனை கி.மீ. என்று குறித்து 0.8 ஆல் வகுத்தால் உண்மையான ரேஞ்ச் தெரியும். மீட்டர் காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உங்கள் பேட்டரி, மோட்டார் வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஓட்டத்தில் எட்டு வருடத்தில் 1.25 லட்சம் கி.மீ.தான் வரும், ஆகவே 2030 ஆகஸ்ட் வரை பாதுகாப்பு உண்டு. சேமிப்புத் திறன் இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவோம் என்று வாரன்டிப் புத்தகத்தில் ஒரு வரம்பு இருக்கும், பெரும்பாலும் 70. அதை எடுத்துப் படியுங்கள். சர்வீஸ் தேதியைத் தவறவிட்டாலோ, வெளியே மியூசிக் சிஸ்டம் போடுகிறேன் என்று வயரை வெட்டினாலோ வாரன்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். ஒவ்வொரு வருட சர்வீஸிலும் பேட்டரி நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒருவேளை 70 சதவீதத்துக்கே இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 154 கி.மீ. ஓடும். கருங்கல்லிலிருந்து நாகர்கோவில் போய்வர ஐம்பது சொச்சம்தானே! திருவனந்தபுரம் போய்வந்தாலும் மிச்சம் இருக்கும். இந்த வண்டிக்கு அதற்கு மேல் என்ன வேலை?

உண்மையில் இந்தக் கடலோரத்தில் மின்சாரக் காருக்குச் செலவு வைப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். 12 வோல்ட் சின்ன பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் போகும். ஒருநாள் காலையில் வண்டி உயிரில்லாமல் கிடக்கும், பெரிய பேட்டரியே போய்விட்டது என்று பதறுவார்கள். உங்களுடையதற்கு வயதாகிவிட்டது, முந்திக்கொண்டு மாற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு; உப்புக்காற்றில் டிஸ்க்கும் கேலிப்பர் பின்னும் துருப்பிடித்து இறுகிவிடும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாக்கெட் சூடாகிறதா என்று சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சூடானால் 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்சிபி (சுமை கூடினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), இண்டஸ்ட்ரியல் சாக்கெட் என்று மாற்றிவிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்தால் சார்ஜர் எர்த் பிழை காட்டி நின்றுவிடும். தண்ணீர் ஊற்றினாலே பல நேரம் சரியாகும்.

இன்ஷூரன்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளத்தில் நம் குமரி மாவட்டத்துச் சாலைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து பேட்டரிக்கு வரும் பாதிப்பை மறுக்க வாய்ப்பு உண்டு. பேட்டரிப் பாதுகாப்புக் கூடுதல் கவரைச் சேருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் எல்லா நிறுவனமும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் கவர்) தருவதில்லை. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே விசாரியுங்கள்.

நகைக்கு வருகிறேன். வருகிற ஆகஸ்டில் திருப்பி வைக்கும்போது ஒரு பைசா கூட்டி வாங்கக் கூடாது. பதினைந்து பவுனையும் ஒரே சீட்டில் வைக்காமல் மூன்று சீட்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வளையல் ஒன்று, மாலை ஒன்று, ஆரம் ஒன்று. சின்னச் சீட்டை முதலில் அடைத்தால் அந்த நகை அன்றே வீட்டுக்கு வந்துவிடும். மொத்தமாக ஒரே சீட்டில் இருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை எதுவும் கைக்கு வராமல் போகலாம். அந்தச் சலிப்பில்தான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள். ஆகஸ்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம், இடையிலேயே பகுதித் தொகை கட்டலாம்.

சம்பளம் வந்த மறுநாள் 12,000 நகைக் கடனுக்குப் போகட்டும். 4,900 வட்டி, மீதி நீங்கள் பங்கில் கொடுக்காத பெட்ரோல் காசு. ரப்பர் பணம் 40,000 வருடா வருடம் அதற்கே. மச்சினன் வாங்கிய 1.2 லட்சத்தை மாதம் 5,000 வீதம் 24 மாதத்தில் உங்கள் நகைக் கணக்கிலேயே நேரடியாகப் போடச் சொல்லுங்கள். வீட்டில் சங்கடமாகத்தான் இருக்கும். பணயத்தில் இருப்பது அவருடைய அக்காவின் நகை என்பதை நினைவூட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். இப்படிப் போனால் சுமார் 39 மாதத்தில் நகை முழுவதும் வீடு வரும். கார் தவணைக்கு இன்னும் 40 மாதம். இரண்டும் 2029 ஆகஸ்டை ஒட்டி முடியும். மச்சினன் தராவிட்டால் இன்னும் பத்து மாதம் கூடும்.

அதன்பிறகு வண்டியை விற்காமல், அதே 20,590ஐ மாதாமாதம் ஆர்டியில் போடுங்கள். வாரன்டி முடியும் 2030 ஆகஸ்டில் வட்டி இல்லாமலே 2.47 லட்சம் இருக்கும். அந்த வருடம் பிப்ரவரி, மார்ச்சுக்குள், ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் சமயத்தில், வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டு முழுப் பேட்டரிச் சோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். ஏதாவது செல் தொகுதி பலவீனமாக இருந்தால் வாரன்டிக்குள்ளேயே எழுதிக் கொடுக்க ஐந்து மாதமாவது கையில் இருக்கும்.