இன்டர்ன் எடுத்தா செலவு மிச்சமாகுமா?

திருப்பூரிலிருந்து பிரிட்டன்ல இருக்கிற லெஸ்டருக்கு வந்து, அண்ணன் யூனிட்டில் தைக்கிற டீ-சர்ட்டை ஆன்லைனில் விக்க ஆரம்பிச்சிருக்கிற தம்பி கேட்டது: "ஒத்தை ஆளா எல்லாம் பார்க்கிறேனுங்க. காலேஜ் பையனை இன்டர்னா, அதாவது கொஞ்ச நாள் வேலை பழக வர்ற ஆளா, சேர்த்தா செலவு மிச்சமாகுமுங்களா?"

மிச்சத்துக்காக எடுக்காதீங்க தம்பி. நம்மூர்ல டெய்லருக்குத் துணி மடிச்சுக் கொடுக்கிற கைமடி வேலைக்கு வர்ற பையனுக்கு, வேலை பழகுற வரைக்கும் கம்மியாக் கொடுக்கிற வழக்கம் இங்க செல்லாது. இன்டர்ன்னு பேர் வெச்சாலும் வேலை வாங்கினா குறைந்தபட்சக் கூலி கொடுத்தாகணும். 2025 ஏப்ரலில் அது 21 வயசு ஆனவங்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு ஆச்சு. வருஷா வருஷம் ஏப்ரலில் மாறும். பிரிட்டன் காலேஜ் படிப்பிலேயே கட்டாயமா இருக்கிற, ஒரு வருஷத்துக்குள்ள முடியுற பிளேஸ்மென்ட்ங்கிற வேலைப் பயிற்சிக்குத்தான் விலக்கு. அப்பவும் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் நீங்க கொடுக்கிறதுதான் நியாயம்.

நம்ம ஊர்ப் பையன்தானேன்னு ரைட் டு ஒர்க், அதாவது பிரிட்டன்ல வேலை செய்ய அனுமதி இருக்கான்னு, பார்க்காம விட்டுடாதீங்க. வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாருங்க. ஸ்டூடண்ட் விசாவில் டிகிரி படிக்கிறவங்களுக்கு, காலேஜ் நடக்கிற நாள்ல எல்லா வேலையும் சேர்த்து வாரம் 20 மணி நேரம்தான். வேலை செய்யுறவங்களுக்கு வேலையில அடிபட்டா ஈடு கொடுக்கிற எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் 50 லட்சம் பவுண்டுக்குக் குறையாம இருக்கணும். இல்லாத ஒவ்வொரு நாளைக்கும் 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம் விழும்.

இவ்வளவுக்கும் எதுக்கு எடுக்கணும்னா, உங்க தலைக்குள்ள மட்டும் இருக்கிற தொழில் பேப்பருக்கு வரும். சைஸ் சார்ட்டையே எடுத்துக்குங்க. எம், எல்னு போட்டா நமக்குப் புரியும். வாங்குறவங்களுக்கு அளவு வேணும். அளவு சேரலைன்னா திருப்பிடுவாங்க; ஆன்லைன்ல வாங்கினதை, கைக்கு வந்து 14 நாளைக்குள்ள வேண்டாம்னு சொல்ல இங்க சட்டமே இருக்கு. பையன் கையில டேப்பைக் கொடுங்க. டீ-சர்ட்டை மேசைமேல இழுக்காம விரிச்சு, அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழ இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மார்பளவு. கழுத்துப் பட்டியை ஒட்டின தோள்மேட்டிலிருந்து அடி மடிப்பு வரைக்கும் உயரம். சைஸுக்கு அஞ்சு பீஸ் அளக்கட்டும். துவைச்சுக் காயவெச்சு திரும்ப அளக்கட்டும். காம்பாக்டிங், அதாவது துவைச்சா சுருங்காம இருக்க துணியை முன்னாடியே சுருக்குற வேலை, சரியா ஆகாத துணின்னா உயரம் குறைஞ்சு நிக்கும். அந்தக் கணக்கைப் படத்தோட அண்ணனுக்கு அனுப்பினா, அடுத்த லாட் கட்டிங்குக்குப் போறதுக்குள்ள துணியையோ பேட்டர்னையோ சரி பண்ணலாம். ஒத்தை ஆளா இருக்கிற உங்களுக்கு இதுக்கு நேரம் கிடைக்கவே கிடைக்காது.

பார்சல் ஒட்டவும் டீ வாங்கவும் மட்டும் வெச்சுக்கிட்டீங்கன்னா ரெண்டாவது வாரமே பையன் வர மாட்டான். முதல் பத்து நாள் தினம் ஒரு மணி நேரமாவது கூட உக்காருங்க. அதுக்கு நேரமில்லாத சீசன்ல ஆளே எடுக்காதீங்க. பையன்கிட்ட பேங்க் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். கடைத்தளத்தில தனி லாகின் போதும்.

லெஸ்டர்லயே டி மான்ட்ஃபோர்ட் யுனிவர்சிட்டியில ஃபேஷன் படிப்புகள் இருக்கு. "உதவிக்கு ஆள் வேணும்"னு எழுதாம, "30 டிசைனுக்கு அளவு, துவைப்புச் சோதனை, படம், ஆறு வாரம்"னு எழுதிக் கேளுங்க தம்பி.