பிட்யூட்டரி அருகே கட்டி: முழுவதையும் எடுத்துவிடச் சொல்லலாமா?

கேள்வி: தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகனுக்குச் சில மாதங்களாகக் காலையில் தலைவலி; சில நாள்களில் வாந்தியும் உண்டு. ஓராண்டாக அவன் உயரமே கூடவில்லை. இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான். எம்ஆர்ஐ எடுத்ததில் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு மேலே 3 செ.மீ. கட்டி தெரிந்தது. கிரேனியோஃபாரிஞ்ஜியோமாவாக (புற்றுநோயல்லாத ஒருவகை மூளைக் கட்டி) இருக்கலாம், ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிரியக்கம் தரலாம் என்கிறார்கள். புற்றுநோய் இல்லையென்றால் எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்? முழுவதையும் எடுப்பவராகப் பார்த்து வேறு மருத்துவரிடம் போகலாமா? – ஒரு தாய், செங்காங்

பதில்: வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அவரிடம் "முழுவதையும் எடுப்பீர்களா?" என்று கேட்பதைவிட, "கட்டி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எந்த அளவுக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள். சிகிச்சை முறையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த விடைதான்.

கருவில் பிட்யூட்டரி உருவாகும்போது எஞ்சிவிட்ட உயிரணுக்களிலிருந்து வளரும் இக்கட்டி, உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் பார்வை நரம்புகளும் ஹைப்போதலாமஸும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். பசி, தாகம், உறக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றை ஆளும் ஹைப்போதலாமஸிலிருந்து கட்டியைச் சுரண்டி எடுக்கப்போய், அடங்காத பசியும் எந்த உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பிடிகொடுக்காத உடற்பருமனும் வந்து சேர்ந்த பிள்ளைகள் உண்டு. பிட்யூட்டரியின் ஹார்மோன்களை மருந்தாகக் கொடுத்து ஈடுகட்டலாம். ஹைப்போதலாமஸுக்கு அப்படியொரு மாற்று இல்லை. ஆகவே, மிச்சம் வைப்பதை மருத்துவரின் தயக்கம் என்று எண்ண வேண்டாம். கட்டி ஹைப்போதலாமஸை விட்டு விலகியிருந்தால் முழுவதையும் எடுப்பதே நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்தாக வேண்டும். அதிகத் தாகத்தோடு தொடங்கும் கட்டி, ஜெர்மினோமா என்ற வேறுவகைக் கட்டியாகவும் இருக்கலாம். ஆசியப் பிள்ளைகளிடம் அது மேலைநாடுகளைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. அது மருந்துக்கும் கதிரியக்கத்துக்கும் நன்றாகக் கட்டுப்படும் என்பதால், பெரிய அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். இவ்வகைக் கட்டிகளின் தடயத்தைத் தேடும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற இரத்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். சிடி ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவும், எம்ஆர்ஐயில் கட்டிக்குள் நீர்ப்பையும் சேர்ந்து தெரிந்தால் கிரேனியோஃபாரிஞ்ஜியோமா என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கண் மருத்துவர் பார்வைப் பரப்பையும் அளந்திருக்க வேண்டும். இருபுற ஓரங்களிலும் பார்வை குறைவதைப் பிள்ளைகள் தாமாகச் சொல்வதில்லை, கதவு நிலையில் இடித்துக்கொள்ளும்போது நாம்தான் "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்று கடிந்துகொள்கிறோம். சுகாதாரக் கையேட்டில் உள்ள உயர வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வளர்ச்சிக் கோடு எப்போது தட்டையாகத் தொடங்கியது என்பது, கட்டி எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு ஒரு தடயம்.

அறுவை சிகிச்சைக்கு முன் கார்ட்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்), தைராய்டு, சோடியம் ஆகியவற்றின் அளவுகள் தெரிந்திருப்பது கட்டாயம். கார்ட்டிசாலும் தைராய்டும் இரண்டுமே குறைந்திருந்தால், கார்ட்டிசாலை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோனைத்தான் முதலில் தொடங்க வேண்டும். தைராய்டுக்கான தைராக்சினை முந்திக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கதிரியக்கம் பொதுவாக வார நாள்களில் ஏறத்தாழ 6 வாரங்கள் நடக்கும். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023 முதல் புரோட்டான் சிகிச்சை என்ற ஒருவகைக் கதிரியக்கமும் உண்டு. கட்டியைத் தாண்டி மூளைக்குள் பாயும் கதிர் அதில் குறைவு என்பதால், வளரும் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். சிகிச்சை நடக்கும்போதே நீர்ப்பை தற்காலிகமாகப் பெருப்பதுண்டு. இடையில் மீண்டும் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் பதற வேண்டாம். செலவைப் பற்றி மருத்துவ சமூக ஊழியரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பின்னர் ஹார்மோன் மருந்துகள் நீண்ட காலம், பலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். அளவுமீறிப் போகும் சிறுநீர் அடங்க டெஸ்மோபிரசின் என்ற மருந்தைக் கொடுக்கும்போது, "வெயிலாக இருக்கிறது, நிறையக் குடி" என்று வற்புறுத்தக் கூடாது. சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு படியைப் பள்ளியிலும் கொடுத்துவையுங்கள்.

அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நாள்களில் வாந்தியோடு மகனுக்கு மந்தமும் தூக்கக் கலக்கமும் வந்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ, மூளையில் நீர் தேங்கியிருக்கக்கூடும். அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல், பலதுறை மருந்தகத்துக்கும் போகாமல், நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எழுப்பியும் எழவில்லையென்றால் உடனே 995ஐ அழையுங்கள்.