கொட்டேஷன் கேட்கத்தான் போனேன், ஐந்து இடத்தில் சிபில் அடித்துவிட்டார்கள்

கேள்வி: திருச்சியில் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் கார் வாங்கும் யோசனையில் ஒரு ஷோரூமுக்குப் போய் விலை விசாரித்தேன். கொட்டேஷன் போட வேண்டும் என்று பான், ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். லோன் தேவைப்பட்டால் என் சம்பள வங்கியிலேயே எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னேன். கடைசியில் கார் வாங்கவில்லை. இப்போது வீட்டுக் கடனுக்குப் போனால், மேலாளர் என் சிபில் ரிப்போர்ட்டை, அதாவது கடன் வரலாற்று அறிக்கையைக் காட்டி, "பத்து நாளில் ஐந்து இடத்தில் கார் லோன் கேட்டிருக்கிறீர்கள், ஒருவரும் கொடுக்கவில்லையா?" என்கிறார். 786 இருந்த ஸ்கோர் 751 ஆகிவிட்டது. இது சட்டப்படி சரியா? அந்தப் பதிவுகளை அழிக்க முடியுமா?

பதில்: உங்களுக்கு நடந்த சேதம் அந்த 35 புள்ளியில் இல்லை, மேலாளர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. 300 முதல் 900 வரை போகும் அளவுகோலில் 751 கெட்ட ஸ்கோர் அல்ல. ஆனால் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் ஸ்கோரைப் பார்த்த கையோடு ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போவோம். அங்கேதான் என்கொயரி பட்டியல் இருக்கும்: எந்த நிறுவனம் பார்த்தது, எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்கு. பத்து நாளில் ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள், ஒரு கடன்கூடத் திறக்கவில்லை என்றால், நாலு பேர் விரட்டியடித்து ஐந்தாவது ஆளிடம் போனவர் என்றுதான் எங்கள் புத்தி போகும். நீங்கள் சரிசெய்ய வேண்டியது இந்தக் கதையைத்தான். ஸ்கோர் அதன் பின்னால் வரும்.

ஷோரூமில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலான ஷோரூம்களில் ஃபைனான்ஸ் மேசை ஒன்று தனியாக இருக்கும். வங்கிகளின் ஆட்களோ, டிஎஸ்ஏ எனப்படும் கமிஷன் ஏஜென்ட்களோ அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கடன் முடிந்தால் அவர்களுக்கும் ஷோரூமுக்கும் 'பே அவுட்' உண்டு. அதனால் கையில் கிடைத்த பான் நம்பரை நாலைந்து இடத்தில் 'லாகின்' செய்துவிடுவார்கள், அதாவது உங்கள் பெயரில் கடன் விண்ணப்பமாகப் பதிந்துவிடுவார்கள். எது முதலில் சாங்ஷன் ஆகிறதோ அதை உங்கள் முன்னால் வைத்து, "சார், உங்களுக்கு ஏற்கெனவே அப்ரூவ் ஆகிவிட்டது" என்று மடக்கலாம் அல்லவா? ஒவ்வொரு லாகினுக்கும் அந்தந்த நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை இழுக்கும். இழுத்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி ஏறும்.

இணையத்தில் சிலர், ஒரே காருக்காகப் பல இடத்தில் விசாரித்தால் எல்லாம் சேர்ந்து ஒன்றாகத்தான் கணக்காகும் என்று எழுதுகிறார்கள். அது அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோர் பற்றிய தகவல். அங்கே ஸ்கோரின் பதிப்பைப் பொறுத்து 14 முதல் 45 நாளுக்குள் வரும் கார் கடன் என்கொயரிகளை ஒன்றாக எண்ணுவார்கள். அதை நம்பி இங்கே நாலு இடத்தில் லாகின் போட விடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ஐந்தும் ஐந்து வரியாகத்தான் நிற்கின்றன.

சரி, இது சட்டப்படி சரியா? ஷோரூமுக்கு சிபிலுக்குள் நுழையத் தனிக் கதவு கிடையாது. உள்ளே போனது ஏதோ ஒரு வங்கியின் அல்லது ஃபைனான்ஸ் கம்பெனியின் சாவியைக் கொண்டுதான். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று 2005-இல் வந்த சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் ஒருவரின் கடன் தகவலைப் பார்ப்பதைக் குற்றம் என்கிறது. ஒவ்வொரு முறைக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. கேட்கக் காரமாக இருக்கிறது. ஆனால் அது அபராதம், உங்கள் கைக்கு வரும் நஷ்டஈடு அல்ல. அதைத் துரத்துவதை விட வேகமான வழி உண்டு.

அதற்கு முன் ஒன்றை நீங்களே நேர்மையாகச் சரிபார்க்க வேண்டும். அன்று ஏதாவது ஓடிபி சொன்னீர்களா? "கொட்டேஷன் ரெஜிஸ்டர் ஆக ஒரு நம்பர் வரும், சொல்லுங்க சார்" என்று கேட்டிருப்பார்கள். அந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடி எடுத்துப் படியுங்கள். அதில் ஒரு வங்கியின் பெயரும், கடன் விண்ணப்பத்துக்கு அல்லது ரிப்போர்ட்டைப் பார்க்க ஒப்புதல் என்ற வாசகமும் இருந்தால், அந்த ஒரு நிறுவனத்தின் மட்டில் உங்கள் வாதம் பலவீனம். விலைப்பட்டியல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பொடி எழுத்தில் 'எங்கள் ஃபைனான்ஸ் பார்ட்னர்களுக்குப் பகிர்ந்துகொள்ள ஒப்புதல்' என்று ஒரு வரி இருந்ததா என்றும் பாருங்கள். ஒரு ஓடிபி கொடுத்திருந்தாலும் மற்ற நாலு பேருக்கு அது ஒப்புதல் ஆகாது. நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட வழக்குகளில் ஒன்றுக்கு ஓடிபி இருக்கும், மிச்சத்துக்கு வெறும் பான் நம்பர்தான் இருக்கும்.

அப்படியே அந்தத் தேதிகளில் வந்த மற்ற எஸ்எம்எஸ், இமெயிலையும் தேடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை யாராவது பார்த்தால் உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கடன் தகவல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்தத் தகவலை நாம்தான் விளம்பர மெசேஜ் என்று நினைத்து அழித்துவிடுகிறோம்.

அடுத்து, ரிப்போர்ட்டை நீங்களே எடுங்கள். சிபில் மட்டும் போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி சிபிலைத் தொடாமல் எக்ஸ்பீரியனில் மட்டும் பார்த்திருக்கலாம். நாலிலும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். என்கொயரிகளோடு கணக்குகள் பகுதியையும் ஒரு முறை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் திறந்திருந்தால் விஷயமே வேறு. அது மோசடி. அப்போது சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்து, காவல் நிலையத்திலும் புகார் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி அழிக்கும் வேலை. முக்கால்வாசிப் பேர் இங்கே தவறான கதவைத் தட்டுகிறார்கள். ஷோரூமில் போய்ச் சண்டை போட்டால் விற்பனைப் பையன் இரண்டு முறை சாரி சொல்வான், அவ்வளவுதான். சிபிலிடம் மட்டும் கேட்டால், பதிவிட்ட நிறுவனம் சம்மதிக்காமல் நாங்களாக எதையும் மாற்ற முடியாது என்பார்கள், அது உண்மையும்கூட. அழிக்கும் அதிகாரம் என்கொயரி போட்ட வங்கியிடம் இருக்கிறது. ஆகவே ஐந்து நிறுவனங்களுக்கும் தனித்தனியாக, அவற்றின் குறைதீர்ப்பு அதிகாரியின் இமெயிலுக்கு எழுதுங்கள். கஸ்டமர் கேரில் பேசியது கணக்கில் வராது. தமிழிலோ ஆங்கிலத்திலோ, இந்த அளவு போதும்:

"என் கடன் அறிக்கையில் இந்தத் தேதியில் உங்கள் நிறுவனம் இத்தனை ரூபாய் கார் கடனுக்கான என்கொயரி பதிந்துள்ளது. நான் உங்களிடம் எந்தக் கடனுக்கும் விண்ணப்பிக்கவில்லை. நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகல் அல்லது ஓடிபி ஒப்புதலின் பதிவு, என் பான் எண்ணை உங்களுக்கு அளித்த ஏஜென்ட்டின் பெயர், குறியீட்டு எண் ஆகியவற்றைத் தரவும். ஒப்புதல் இல்லையெனில் என்கொயரியை நீக்குமாறு கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவித்து, எனக்கும் எழுத்தில் உறுதி செய்யவும்."

இதில் கனமான வாக்கியம் ஏஜென்ட்டின் பெயரைக் கேட்பதுதான். தன் டிஎஸ்ஏ அனுமதியில்லாமல் லாகின் போட்டான் என்பது எழுத்தில் பதிவாவதை எந்த வங்கியும் விரும்பாது. நகலைத் தேடி அலைவதை விட என்கொயரியை நீக்கிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

அதே நாளில் சிபில் தளத்திலும், அந்தப் பதிவு இருக்கும் மற்ற நிறுவனங்களின் தளத்திலும் 'டிஸ்ப்யூட்', அதாவது பதிவு தவறு என்ற புகார் போடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. போட்ட நாளிலிருந்து 30 நாள் கெடு ஓடத் தொடங்கும். அதில் வங்கிக்கு 21 நாள். 30 நாள் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கோரிக்கையை நிராகரித்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: புகாரில் 'என் ஸ்கோரை ஏற்றித் தாருங்கள்' என்று எழுதாதீர்கள். ஸ்கோர் கணக்கிடும் முறை பற்றிய புகார்கள் இந்த நஷ்டஈட்டுக்குள் வராது. நீங்கள் கேட்பது குறிப்பிட்ட ஐந்து வரிகளை நீக்குவது, அதை மட்டும் எழுதுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைனில் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 14448-க்குப் போன் செய்து கேட்கலாம். வங்கி மீது மட்டுமல்ல, கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் இங்கே புகார் கொடுக்கலாம். முதலில் வங்கிக்கு எழுதிய கடிதம் இல்லாமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் எழுத்து, எழுத்து என்று அடித்துக்கொள்கிறேன். நடுவில் யாராவது 5,000 ரூபாய் கொடுங்கள், என்கொயரியை ஒரே வாரத்தில் தூக்கிவிடுகிறேன் என்று வந்தால், மீண்டும் ஒருவன் கையில் உங்கள் பான் போகிறது என்று அர்த்தம்.

ஷோரூமை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவருக்குக் கொடுப்பது 'நியாயமற்ற வணிக முறை' என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. முன்பணம் கட்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். நீங்கள் விலை விசாரித்ததோடு சரி என்பதால், நீங்கள் 'நுகர்வோர்' தானா என்ற இடத்திலேயே எதிர்த்தரப்பு மல்லுக்கு நிற்கும். என் யோசனை, இப்போதைக்கு ஷோரூமுக்கு ஒரு கடிதம் போதும். யார் யாருக்கு என் ஆவணங்களைக் கொடுத்தீர்கள், திருப்பி வாங்கி அழித்துவிட்டீர்களா என்று கேளுங்கள். வங்கியிடமிருந்து ஏஜென்ட் பெயர் வந்த பிறகு அடுத்த அடியை யோசிக்கலாம்.

வீட்டுக் கடன் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. மேலாளரிடம் வாய்வார்த்தையாக விளக்காமல் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். ஐந்து என்கொயரிகளும் ஒரே ஷோரூம் வழியாக வந்தவை, எதிலும் கடன் பெறவில்லை, அனுமதியில்லாமல் நடந்ததற்கு இந்தத் தேதியில் புகார் கொடுத்திருக்கிறேன் என்று எழுதி, டிஸ்ப்யூட் எண்ணையும் இமெயில் நகலையும் இணையுங்கள். அவர் தன் ஃபைலில் வைக்க ஒரு காகிதம் வேண்டும், அது இருந்தால் மேலிடத்துக்குக் குறிப்பெழுத அவருக்கும் தைரியம் வரும். வீட்டுக் கடன் முடியும் வரை வேறெந்த வங்கியிலும், கிரெடிட் கார்டு உட்பட, விண்ணப்பிக்காதீர்கள்.

அப்புறம் எப்போதாவது கார் வாங்கப் போவீர்கள். விலை சொல்ல எவருக்கும் உங்கள் பான் தேவையில்லை, பெயரும் போன் நம்பரும் போதும். பில் போடும்போது கேட்பதில் நியாயம் உண்டு. ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், ரொக்கமாக வாங்கினாலும் அதற்கு பான் வேண்டும், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்தும் கொள்ளலாம். அப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் ஜெராக்ஸாகக் கொடுங்கள். அதன் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே, 'இந்தக் கார் பில்லுக்கு மட்டும், கடன் விண்ணப்பத்துக்கு அல்ல' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். ஷோரூம் மூலமாகவே கடன் எடுப்பதென்றால் எந்த வங்கி என்று ஒன்றைச் சொல்லி, அந்த ஒன்றுக்கு மட்டும் எழுத்தில் சம்மதம் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள், 2024 அக்டோபரிலிருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, ப்ராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில்தான் தெரியும். மேசையில் இருப்பவர் போனில் சொன்ன வட்டிக்கும் அதற்கும் அரை சதவீதமாவது இடிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.