பிசிசியன் அசிஸ்டென்ட் என்பவர் மருத்துவரா, செவிலியரா?

பிளஸ் டூ முடித்த தங்கைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை.

பெங்களூரில் அம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோதுதான் எனக்கே இது விளங்கியது. காலை ஆறரைக்கு வந்து, இரவு நெஞ்சிலிருந்து வடிகுழாயில் எவ்வளவு திரவம் இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, "தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள் அம்மா" என்று தமிழிலேயே சொன்ன பெண்ணை டாக்டர் என்றே நினைத்திருந்தோம். அவர்தான் பிசிசியன் அசிஸ்டென்ட். நோய் விவரம் கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, அறுவை அரங்கில் கைகொடுப்பது, டிஸ்சார்ஜ் குறிப்பு தயாரிப்பது எல்லாம் மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கும். சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவர்தான்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரோடு தொடங்கிய படிப்பு இது. அங்கே இப்போது முதுநிலைப் பட்டம், மருந்தும் எழுதலாம். இங்கே இளநிலைப் பட்டம், கடைசியில் மருத்துவமனைப் பயிற்சி. அமெரிக்கச் சம்பளத்தைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்! இந்தியாவில் துணை மருத்துவப் பணிகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலையும் அவற்றில் சேர்த்திருக்கிறது.

கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, எந்தெந்தப் பிரிவுகளில் பயிற்சி தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.