வாசகர் கேள்வி-பதில்: நோய்க்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்குப் புற்றுநோய் என்று உறுதியாகிச் சில மாதங்கள் ஆகின்றன. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்றுதானே வேதம் சொல்கிறது, இந்த நோய்க்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அப்போதுதான் சுகம் வரும்" என்கிறார்கள் சபையில். எனக்கு வாய் வரவில்லை. என் விசுவாசம் குறைவுபட்டதா?

பதில்: இல்லை, சகோதரி. அந்த ஆலோசனையில்தான் கோளாறு. ஸ்தோத்திரத்தை, அதாவது கர்த்தருக்கு நன்றி சொல்வதை, சுகத்துக்குக் கட்டும் விலையாக ஆக்கிவிட்டார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18-ல் பவுல் அப்படி எந்த வாக்குத்தத்தமும் கொடுக்கவில்லை. விலை கட்டியும் சுகம் வராவிட்டால் என்ன ஆகும்? "நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது" என்று நோயாளியின் வீட்டார் தங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வார்கள். இது அடிக்கடி நடக்கிறது.

தீமையை நன்மை என்று சொல்லும்படியும் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இறந்துபோன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). ஆறு வசனம் தள்ளிப் பாருங்கள்: "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். லாசரு செத்ததற்காக அல்ல, பிதா கேட்கிறார் என்பதற்காக நன்றி.

ஜெபிக்க உட்காரும்போது 13-ஆம் சங்கீதத்தின் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. நீங்களும் முறையீட்டில் தொடங்குங்கள். பரிசோதனை முடிவு, பணக் கவலை, இரவில் வரும் பயம் எல்லாவற்றையும் அலங்காரம் இல்லாமல் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் எண்ணம் சிதறும்; வாய்விட்டுச் சொல்லுங்கள் அல்லது எழுதுங்கள். அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம். இன்றைய நாளுக்கான ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இன்று அவர் வாந்தி இல்லாமல் சாப்பிட வேண்டும்." ஒரு நாளுக்கான விண்ணப்பமாக இருந்தால் அதன் பதிலை அன்றே கவனிக்க முடியும். கடைசி இரண்டு வசனங்களில்தான் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. உங்கள் நன்றிக்கும் அதுதான் இடம். அவர் தூங்கிய இரண்டு மணி நேரம், முகம் சுளிக்காமல் மூன்றாம் முறையும் படுக்கை விரிப்பை மாற்றிய செவிலியர், நோய் தொட முடியாத கர்த்தருடைய கிருபை: இவற்றில் ஒன்று போதும்.

ஒரு நாள் மூன்றாம் பகுதி வரவே இல்லையென்றால், இரண்டாவதோடு நிறுத்திவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தபோது "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்ன யோபுவும் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது யோபுவின்மேல் அல்ல, அவனுக்குப் புத்தி சொல்ல வந்த சிநேகிதர்மேல் (யோபு 42:7). உங்கள் சபையார் அந்த வசனத்தையும் வாசிக்கலாம்.

இன்னும் ஒன்று: வாரக்கணக்கில் உங்களுக்குத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் நீங்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்தோத்திரம் சிகிச்சைக்கு மாற்று அல்ல.

கேள்வி: தினமும் மூன்று நன்மைகளை நோட்டில் எழுதி வருகிறேன். குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று அதே மூன்றுதான் வருகிறது. சலிப்பாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: நோட்டை விட வேண்டாம், எழுதும் முறையை மாற்றுங்கள். "குடும்பம்" என்பது ஒரு தலைப்பு. தலைப்புக்கு யாரும் நன்றி சொல்ல முடியாது. நடந்த ஒரு காரியத்தை எழுதுங்கள்: எப்போது, யார் மூலம், அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும். "காலையில் தம்பியே முதலில் போன் செய்தான், இல்லையென்றால் அந்தச் சண்டை இன்னும் ஒரு மாதம் இழுத்திருக்கும்." மூன்று வேண்டாம், ஒன்று போதும். தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் போதும். எண்ணிக்கையை நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்தவுடன் பழைய தலைப்புகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வாக்கியத்தைக் கர்த்தரை நோக்கி எழுதுங்கள். "தம்பி பேசினான்" என்பது நாட்குறிப்பு. "ஆண்டவரே, தம்பியைப் பேச வைத்தீர்" என்றால் ஜெபம்.

எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் 103-ஆம் சங்கீதத்தின் 3 முதல் 5 வரையான வசனங்களைத் திறந்து வையுங்கள். பாவமன்னிப்பு, சுகம், அழிவிலிருந்து மீட்பு, கிருபையால் முடிசூட்டு, நன்மையால் திருப்தி என்று ஐந்து உபகாரங்கள் அந்த வரிசையில் வருகின்றன. நம் நோட்டுகள் பெரும்பாலும் ஐந்தாவதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். வாரத்தில் ஒரு நாளை முதலாவதற்கு ஒதுக்குங்கள்: இந்த வாரம் மன்னிக்கப்பட்டது எது? இதை எழுதத் தயக்கம் வரும். ஆனால் சலிப்பு வராது.

16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகள் கொண்ட ஆன்ம சோதனையிலும் (அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம்) முதல் படி நன்றிதான். குற்றங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான். இரவில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வரிசையை மாற்றிக் குற்றத்தில் தொடங்கினால், நன்றிக்கு வந்து சேர்வதற்குள் மனம் சோர்ந்துபோகும்.

கேள்வி: கஷ்ட காலத்தில் முழங்காலில் நின்றேன். இப்போது தொழில் நன்றாகப் போகிறது. ஜெபம் இரண்டு நிமிடமாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: இது புதிய நோய் அல்ல. உபாகமம் 8-ஆம் அதிகாரம் பசியைவிடத் திருப்தியைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறது. புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, வெள்ளியும் பொன்னும் பெருகியபின் "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்தான் இதைச் சம்பாதித்தது" என்று சொல்லிக்கொள்வாய் என்கிறது.

லேவியராகமம் 7:15-ல் ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்தோத்திர பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. நேர்ந்துகொண்டு செலுத்தும் பொருத்தனை பலிக்குக்கூட மறுநாள்வரை அவகாசம் உண்டு, நன்றிக்கு இல்லை. ஒரு முழு மிருகத்தை ஒரு வீடு ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது, நாலுபேரை அழைத்தாக வேண்டும். இதிலிருந்து நீங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்: அன்றைக்கே, பிறரோடு.

ஒப்பந்தம் கையெழுத்தானால், வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் இருந்த இடத்திலேயே ஒரு வாக்கியத்தில் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். அதற்குக் காரணமான மனிதரை அன்று படுக்கப்போவதற்குள் கூப்பிட்டு, அவர் செய்த உதவியைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். இயேசுவால் குஷ்டம் நீங்கிய பத்துப் பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான்; மற்ற ஒன்பது பேரும் தீயவர்கள் என்று வேதம் சொல்லவில்லை, அவர்கள் திரும்பவில்லை, அவ்வளவுதான். கொடுக்கப்போகும் பங்கைப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். வந்தபின் முடிவுசெய்தால், புதுச் செலவுகளுக்குப் போக மிஞ்சியதுதான் காணிக்கையாகும்.

ஜெபம் இரண்டு நிமிடமே இருக்கட்டும், பாதகமில்லை. அதில் ஒரு நிமிடம் எதையும் வேண்டிக் கேட்காமல், நன்றி மட்டும் சொல்லிப்பாருங்கள்.

கேள்வி: பல வருடம் காத்திருந்து குழந்தை பிறந்திருக்கிறது. சபையில் சாட்சி சொல்ல ஆசை. ஆனால் அதே சபையில் எங்களைப்போலவே காத்திருக்கும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், மூன்று நிமிடத்துக்குள். "நாங்கள் உபவாசித்தோம், அதனால் தந்தார்" என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அவர்களும் உபவாசித்திருப்பார்கள். "கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை" என்பதும் அவர்கள் காதில் வேறுவிதமாக விழும். இயேசு சொன்ன உவமையில் தேவாலயத்தில் நின்ற பரிசேயனின் ஜெபமும் ஸ்தோத்திரத்தில்தான் தொடங்கியது (லூக்கா 18:11). அடுத்தவனோடு ஒப்பிட்டதில் கெட்டது. சாட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்தத் தம்பதிக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். அன்று அவர்கள் ஆராதனைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.