பிராங்க்பர்ட் நாடாளுமன்றம் பேசியே கெட்டதா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 1848 பிராங்க்பர்ட் நாடாளுமன்றம் பற்றிய பாடத்தில் உறுப்பினர்கள் 831 பேர் என்று இருக்கிறது. வேறொரு புத்தகத்தில் 585 என்று போட்டிருக்கிறார்கள். டியூஷன் நோட்ஸில், ‘பேராசிரியர்கள் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தியதால் தோற்றது’ என்று ஒரே வரி. எதை எழுதச் சொல்வது? எனக்குப் புரிந்தால்தானே அவளுக்குச் சொல்லித்தர முடியும்?

– ஒரு வாசகி, சேலம்

பதில்: சிதறிக் கிடந்த ஜெர்மன் அரசுகளை ஒரே நாடாக்கி, அதற்கு அரசியல் சட்டம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைதான் பிராங்க்பர்ட் நாடாளுமன்றம். எண் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதட்டும். ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் ஏன் மாறுகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். தொகுதிகள் மொத்தம் 649. ஆஸ்திரியாவின் கீழ் இருந்த போஹீமியா, மொராவியா (இன்றைய செக் நாடு) பகுதிகளில் செக் மக்கள் பெரும்பாலும் தேர்தலைப் புறக்கணித்துவிட்டார்கள். அதனால் உறுப்பினர் கிடைத்த தொகுதிகள் 585 என்பது வழக்கமான கணக்கு. நடுவில் விலகியவர்களுக்குப் பதிலாக வந்தவர்களையும் சேர்த்து எண்ணினால் 800-ஐத் தாண்டிவிடும். 1848 மே 18 அன்று, அவை கூடிய தூய பவுல் தேவாலயத்துக்கு ஊர்வலமாகப் போனவர்களோ முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள்.

அந்த நோட்ஸ் வரிதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. ‘பேராசிரியர் நாடாளுமன்றம்’ என்பது பழைய பட்டப்பெயர். உண்மையில் அங்கே பேராசிரியர்களைவிட நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அரசு அதிகாரிகளும்தான் பல மடங்கு அதிகம். இருந்த பேராசிரியர்களும் வெறும் வாய்ப்பேச்சுக்காரர்கள் அல்ல. 1837-இல் ஹனோவர் என்ற ஜெர்மன் அரசின் மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தபோது, கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஏழு பேர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்து வேலையை இழந்தார்கள். அதில் டால்மன், யாக்கப் கிரிம் (ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்) உட்படச் சிலர் இந்த அவையில் உட்கார்ந்திருந்தார்கள். அடிப்படை உரிமைகளைப் பற்றி அவர்கள் மாதக்கணக்கில் விவாதித்தது உண்மை. ஆனால் தணிக்கையும் போலீஸ் கண்காணிப்பும் 1819 முதல் நெருக்கிய நாட்டில், எழுதவும் கூடவும் உரிமை கேட்பதை வீண் பேச்சு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சரி, அப்புறம் ஏன் தோற்றது? படையும் வரியும் அவர்கள் கையில் இல்லை. மீதிக் காரணங்கள் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

அன்றைக்கு ஜெர்மனி ஒரே நாடு அல்ல. 39 அரசுகளின் தளர்வான கூட்டமைப்பு. அவற்றில் பெரியவை ஆஸ்திரியாவும் (தலைநகர் வியன்னா) பிரஷ்யாவும் (தலைநகர் பெர்லின்). 1848 மார்ச்சில் புரட்சி வெடித்தது. வியன்னாவில் ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் பதவியை விட்டு ஓடினார். பெர்லின் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் ஜெர்மன் ஒற்றுமையின் அடையாளமான கறுப்பு-சிவப்பு-பொன் நிறப் பட்டை அணிந்து குதிரையில் ஊர்வலம் வந்தார். மன்னர்கள் பணிந்துவிட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர்கள் பயந்தது நிஜம். ஆனால் ஒரு மன்னரும் தன் படையை விட்டுக்கொடுக்கவில்லை. ஜூன் கடைசியில் நாடாளுமன்றம் ஆஸ்திரிய இளவரசர் யோஹானை இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. போர், நிதி, வெளியுறவு என்று அமைச்சர்களும் வந்தார்கள். போர் அமைச்சரின் கீழ் சொந்தப் படை இல்லை. எல்லா அரசுகளின் படைகளும் ஆகஸ்ட் 6 அன்று யோஹானுக்கு மரியாதை செலுத்தவேண்டும் என்று ஜூலையில் அவர் உத்தரவிட்டார். சிறிய அரசுகள் கேட்டன. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் கண்டுகொள்ளவில்லை.

உங்கள் மகளுக்கு ஒரே ஒரு சம்பவம் சொல்லவேண்டுமென்றால் மால்மோவைச் சொல்லுங்கள். ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளுக்காக டென்மார்க்குடன் போர். ஜெர்மனியின் பெயரால் சண்டை போட்டது பிரஷ்யப் படை. டென்மார்க் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட்டது. ரஷ்யாவும் பிரிட்டனும் நெருக்கின. ஆகஸ்ட் 26 அன்று ஸ்வீடனின் மால்மோ நகரில் பிரஷ்யா தன்போக்கில் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது.

டால்மன் கொதித்துப்போனார். செப்டம்பர் 5 அன்று அவர் பேச்சைக் கேட்டு அவை அதைச் சிறிய வித்தியாசத்தில் நிராகரித்தது. அமைச்சரவை விலகியது. ‘நீங்களே அமைச்சரவை அமையுங்கள்’ என்று அவரிடமே சொன்னார்கள். அவரால் முடியவில்லை. போரைத் தொடர வேண்டுமானால் பிரஷ்யாவை எதிர்க்க வேண்டும். எதை வைத்து எதிர்ப்பது? பதினொரு நாள் கழித்து அதே அவை அதே போர்நிறுத்தத்தை ஏற்றுக்கொண்டது. துரோகம் என்று மக்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 18 அன்று பிராங்க்பர்ட் தெருக்களில் கலவரம். உறுப்பினர்கள் லிக்னோவ்ஸ்கியும் ஆவர்ஸ்வால்டும் கூட்டத்தின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அவை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிரஷ்ய, ஆஸ்திரியத் துருப்புகளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

என் பார்வையில் கதை அங்கேயே முடிந்துவிட்டது. நவம்பர் 9 அன்று வியன்னாவில் ராபர்ட் புளூம் என்ற உறுப்பினரை ஆஸ்திரியப் படை சுட்டுக்கொன்றது. உறுப்பினரைக் கைதுசெய்ய அவையின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் இருந்தும், பிராங்க்பர்ட்டால் கண்டனத் தீர்மானம் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலவில்லை.

பாடத்தில் வரும் கிரீடக் கதை இதற்குப் பிறகுதான். 1849 மார்ச் 28 அன்று 290 பேர் வாக்களித்து பிரெடரிக் வில்லியமைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். 248 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். ஏப்ரல் 3 அன்று பெர்லினுக்குப் போன தூதுக்குழுவிடம், மற்ற மன்னர்கள் சம்மதிக்காமல் ஏற்கமாட்டேன் என்றார் அவர். கிரீடம் கடவுளும் மன்னர்களும் தருவது, குடிமக்கள் தருவது அல்ல என்பது அவர் எண்ணம். ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் உறுப்பினர்களைத் திரும்ப அழைத்தன. மிஞ்சியவர்கள் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 18 அன்று அங்கேயும் படை வந்து கலைத்தது.

அவை தானே செய்த தவறும் உண்டு, அதை மறைக்கவேண்டாம். பெண்களுக்குப் பார்வையாளர் மாடத்தில் இடம் இருந்தது, வாக்கு இல்லை. தமக்கு தேசம் கேட்டவர்கள், போலந்து மக்கள் வாழ்ந்த போசன் பகுதியின் பெரும்பங்கைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள 1848 ஜூலையில் வாக்களித்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

‘தோற்றது’ என்று எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி விடைதான். 1848 டிசம்பரில் அறிவித்த அடிப்படை உரிமைகளை 1851-இல் மன்னர்களின் கூட்டமைப்பு ரத்து செய்தது. ஆனாலும் ஜெர்மனியின் பிற்கால அரசியல் சட்டங்களான 1919 வைமர் சட்டத்தையும் 1949 அடிப்படைச் சட்டத்தையும் எழுதியவர்கள் அந்தப் பட்டியலுக்குத் திரும்பிப் போனார்கள். 25 வயதான எல்லா ஆண்களுக்கும் நேரடி ரகசிய வாக்கு என்ற 1849 தேர்தல் சட்டத்தை 1867-இல் எடுத்துப் பயன்படுத்தியவர், மக்களாட்சியில் பெரிய நம்பிக்கை இல்லாத பிரஷ்யத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்.

விடையில் படையும் வரியும் இல்லாததை முதல் காரணமாக எழுதச் சொல்லுங்கள். அடுத்து மன்னரின் மறுப்பு, அதற்கடுத்து புதிய ஜெர்மனியில் ஆஸ்திரியாவைச் சேர்ப்பதா விடுவதா என்று அவைக்குள் இருந்த பிளவு, தொழிலாளர் ஆதரவு குறைந்தது. மனப்பாடம் செய்வதற்கு முன் ஐரோப்பா வரைபடத்தில் பிராங்க்பர்ட், மால்மோ, வியன்னா, பெர்லின், ஸ்டுட்கார்ட் ஐந்தையும் இந்த வரிசையில் கோடு போட்டு இணைத்து, ஒவ்வொரு ஊரிலும் என்ன நடந்தது என்று உங்களுக்கு அவளே சொல்லட்டும்.